தடுப்பூசி போட்டா ஈரல் கெட்டுடுமா? லோடுமேனை படுக்க வைத்த பயம்! டாக்டர்கள் சொல்லும் உண்மை என்ன?

விழுப்புரம்:

"எனக்கே ஈரல் வீக்கம். இதுல ஊசி வேற போட்டா ஈரல் ஒரேயடியா போயிடும்னு சொன்னாங்க. அதான் ஓடி வந்துட்டேன் சார்."

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் 48 வயது லோடுமேன் ஒருவர் 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சொன்ன வார்த்தை இது. அன்று தமிழ்நாடு முழுவதும் 40 ஆயிரம் இடங்களில் முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. மார்க்கெட் பக்கத்திலேயே முகாம். மனைவி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார். இவர் மட்டும் டீக்கடை பக்கம் நழுவி விட்டார்.

நான்கே மாதத்தில் அவரை கண் எல்லாம் மஞ்சளாக, வயிறு உப்பிய நிலையில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஊசிக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? கொரோனா ஈரலை கெடுக்குமா? ஈரல் நோய் இருப்பவர்கள் ஊசி போட்டது சரியா, தப்பா? இன்றைக்கும் பலர் இதை கேட்கிறார்கள். கால் வீங்கினாலும், பசி எடுக்காவிட்டாலும் "அன்னைக்கு போட்ட ஊசிதான் காரணம்" என்று சொல்பவர்கள் தெருவுக்கு 10 பேர் இருக்கிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒன்றரை கிலோ தொழிற்சாலை

வலது பக்க விலா எலும்புக்கு கீழே இருப்பது கல்லீரல். பெரியவர்களுக்கு சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும். உடம்புக்கு உள்ளே இருக்கும் உறுப்புகளில் இதுதான் பெரியது.

சாப்பிட்ட சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையை சேர்த்து வைப்பது, கொழுப்பை கரைக்க பித்தநீர் சுரப்பது, அடிபட்டால் ரத்தம் உறைய தேவையான சத்தை தயாரிப்பது எல்லாம் இதன் வேலை. நாம் விழுங்கும் மாத்திரை, குடிக்கும் சரக்கு எல்லாமே கடைசியில் இங்கேதான் போய் சேரும். அதை உடைத்து வெளியே அனுப்புவதும் ஈரல்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரல் பாதி கெடும் வரை வாயை திறக்காது. வலிக்காது, காய்ச்சல் வராது. கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோர்க்கும்போதுதான் பலருக்கு தெரியவே வருகிறது.

நம்ம லோடுமேனுக்கும் அப்படித்தான். 2019-ம் ஆண்டு வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு படிந்து, வீங்கி இருப்பது தெரிந்தது. குடியை நிறுத்தச்சொல்லி டாக்டர் எழுதி கொடுத்தார். சீட்டு பீரோவில் இருந்தது. குடி தொடர்ந்தது.

கொரோனா ஈரலை என்ன செய்யும்?

கொரோனா என்றால் நுரையீரல் நோய் என்றுதான் நமக்கு தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ரத்தம் எடுத்து பார்த்தபோது, நிறைய பேருக்கு ஈரல் டெஸ்டும் ஏறி இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று லேப் சீட்டில் இரண்டு வரி வரும் அல்லவா, அதுதான். ஈரல் செல் அடிபட்டால் இந்த இரண்டும் ரத்தத்தில் கூடும்.

இதற்கு டாக்டர்கள் பல காரணம் சொல்கிறார்கள்.

ஒன்று, கொரோனா வைரஸ் உடம்புக்குள் நுழைய ஒரு 'கொக்கி' வேண்டும். ஏ.சி.இ.2 என்று அதற்கு பெயர். அந்த கொக்கி நுரையீரலில் இருப்பதுபோல ஈரலில் உள்ள பித்தக்குழாய் செல்களிலும் இருக்கிறது.

இரண்டு, நோய் முற்றினால் உடம்பு முழுக்க அழற்சி ஏற்படும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் ஈரலும் திணறும்.

மூன்று, மருந்து. கொரோனாவுக்கு கொடுக்கப்பட்ட ரெம்டெசிவிர், பேவிபிராவிர் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈரல் டெஸ்டை ஏற்றி விடும். அதனால்தான் ரெம்டெசிவிர் போடும் முன்பும், போடும்போதும் ரத்தம் எடுத்து பார்த்தார்கள். ஸ்டீராய்டு ஊசியிலும் ஒரு ஆபத்து உண்டு. மஞ்சள் காமாலை பி கிருமி உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டு இருந்தால், ஸ்டீராய்டு அதை தட்டி எழுப்பி விடலாம்.

நல்ல விஷயம் என்னவென்றால், ஈரல் ஏற்கனவே நன்றாக இருந்தவர்களுக்கு இந்த ஏற்றம் பெரும்பாலும் லேசானதுதான். காய்ச்சல் போனதும் அதுவும் இறங்கி விடும்.

ஏற்கனவே ஈரல் சுருங்கி இருப்பவர்கள் கதைதான் வேறு.

29 நாடுகளின் கணக்கு

சிரோசிஸ் என்ற வார்த்தையை கேள்விப்பட்டு இருப்பீர்கள். பல வருட குடி, மஞ்சள் காமாலை பி, சி கிருமி, சர்க்கரை நோயோடு வரும் கொழுப்பு ஈரல், இதில் ஏதாவது ஒன்றால் ஈரல் தழும்பாகி சுருங்கி போவதுதான் சிரோசிஸ். அந்த நிலையில் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் குறைந்து விடும்.

தடுப்பூசி வருவதற்கு முன்பு, 2020-ம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை 29 நாடுகளை சேர்ந்த டாக்டர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். நாள்பட்ட ஈரல் நோயோடு கொரோனாவும் வந்த 745 பேரின் விவரம் அதில் இருந்தது. இவர்களில் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள்.

ஈரல் நோய் இருந்தும் சிரோசிஸ் வராதவர்களில் 100-க்கு 8 பேர் இறந்தார்கள். சிரோசிஸ் வந்தவர்களில் 100-க்கு 32 பேர் இறந்தார்கள். நான்கு மடங்கு!

சிரோசிஸ் ஆரம்ப கட்டத்தில் இருந்தவர்களில் 100-க்கு 19 பேர். நடு கட்டத்தில் 35 பேர். முற்றியவர்களில் 51 பேர். அதாவது இரண்டு பேரில் ஒருவர் வீடு திரும்பவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிரோசிஸ் நோயாளிகளில் 100-க்கு 46 பேருக்கு கொரோனா வந்ததும் ஈரல் நிலை மோசமானது. வயிற்றில் நீர் கோர்த்தது, நினைவு தடுமாறியது. ஆனால் இறந்தவர்களில் 100-க்கு 71 பேரின் உயிரை எடுத்தது நுரையீரல் செயல் இழந்ததுதான். ஈரல் பிரச்சினையால் இறந்தவர்கள் 19 பேர்.

ஈரல் பலவீனமாக இருப்பவருக்கு கொரோனா நெஞ்சில் இறங்கினால் தாங்குவதற்கு உடம்பில் தெம்பு இல்லை என்பதைத்தான் இந்த கணக்கு காட்டுகிறது.

முதல் வரிசையில் அவர்கள் பெயர்

இப்போது ஊசிக்கு வருவோம். இந்தியாவில் 2021-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. முதலில் டாக்டர்கள், நர்சுகள், சுகாதார பணியாளர்கள். மார்ச் 1-ந்தேதி முதல் 60 வயதை தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வயது வரை இருந்து பெரிய நோய் உள்ளவர்களுக்கும் போட்டார்கள்.

அந்த 'பெரிய நோய்' பட்டியலில் 20 நோய்களை மத்திய அரசு சேர்த்து இருந்தது. அதில் முற்றிய சிரோசிசும் ஒன்று. ஈரல் மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், அதற்காக காத்து இருப்பவர்கள் பெயரும் அதில் இருந்தது.

யோசித்து பாருங்கள். ஊசி ஈரலை கெடுக்கும் என்றால் ஈரல் கெட்டவரை கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைப்பார்களா? அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதால்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

ஊசிக்குள் என்ன இருந்தது?

நம்ம ஊரில் பெரும்பாலும் போடப்பட்டது கோவிஷீல்டு, கோவேக்சின் என்ற இரண்டு ஊசிகள்தான்.

கோவேக்சின் என்பது செத்துப்போன கொரோனா வைரஸ். அதை காட்டி உடம்புக்கு 'எதிரி முகம் இதுதான்' என்று அடையாளம் சொல்லிக்கொடுப்பார்கள்.

கோவிஷீல்டு வேறு மாதிரி. சிம்பன்சி குரங்குக்கு சளி பிடிக்க வைக்கும் ஒரு வைரசை பெருக முடியாதபடி முடக்கி, அதன் மேல் கொரோனாவின் அடையாளத்தை ஏற்றி அனுப்புவார்கள்.

இரண்டுமே உடம்பில் குட்டி போட்டு பெருகாது. புஜத்து சதையில் போடும் அரை மில்லி மருந்து அது. ஒரு சின்ன ஸ்பூனில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு நாள் காய்ச்சல், கை வலி, உடம்பு வலி வரும். எதிரியின் அடையாளத்தை உடம்பு படிக்கிறது என்பதற்கு அது அறிகுறி.

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஊசி வேலை செய்ததா என்று அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். 2021-ம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில் ஊசி போட்ட சிரோசிஸ் நோயாளிகள் 20 ஆயிரத்து 37 பேர். ஊசி போடாத அதே அளவு பேரோடு ஒப்பிட்டார்கள்.

முதல் ஊசி போட்டு 28 நாள் கழித்து பார்த்தால், கொரோனா வருவது சுமார் 65 சதவீதம் குறைந்து இருந்தது. ஈரல் ரொம்ப முற்றியவர்களுக்கு சுமார் 50 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் அந்த 28 நாளுக்கு பிறகு, ஆய்வு நடந்த காலத்தில் ஊசி போட்டவர்களில் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை.

அங்கே போட்டது பைசர், மாடர்னா ஊசிகள். நம்ம ஊசிகள் அல்ல. ஆனாலும் சிரோசிஸ் உடம்பு ஊசியை தாங்கும், அதனால் பலனும் கிடைக்கும் என்பது அதில் தெளிவானது.

ஈரல் முற்றியவர்களுக்கு ஊசியின் பலன் கொஞ்சம் குறைவாக கிடைக்கிறது என்பதால்தான் அவர்களுக்கு கூடுதல் டோஸ் முக்கியம் என்று டாக்டர்கள் வலியுறுத்தினார்கள். இந்தியாவில் அந்த 3-வது டோஸ் 2022-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி தொடங்கியது.

ஊசியால் யாருக்குமே ஈரல் பாதிக்கவில்லையா?

உண்மையை மறைக்கக்கூடாது. சிலருக்கு பாதித்தது.

ஊசி போட்ட பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தியே குழம்பி, சொந்த ஈரலை தாக்கிய சம்பவங்கள் உலகம் முழுவதும் பதிவாகி உள்ளன. 18 நாடுகளில் இருந்து அப்படிப்பட்ட 87 பேரின் விவரத்தை திரட்டி 2022-ம் ஆண்டு டாக்டர்கள் வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஊசி போட்டு சுமார் இரண்டு வாரத்தில் பாதிப்பு தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். ஒரே ஒருவருக்கு ஈரல் மாற்று ஆபரேஷன் தேவைப்பட்டது. மற்றவர்கள் தேறி விட்டார்கள்.

உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கோடி டோஸ் போடப்பட்ட நேரம் அது. பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. மிக மிக அபூர்வம் என்று சொல்லலாம். ஊசி போட்ட சில வாரத்துக்குள் கண் மஞ்சளானால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

பயம் எப்படி பரவியது?

2021-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி நடிகர் விவேக் சென்னை அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந்தேதி இறந்து விட்டார். அவரது இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது. ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்று மத்திய அரசின் ஆய்வு குழு அந்த ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் மரணச்செய்தி போன வேகத்தில் அந்த விளக்கம் போகவில்லை.

அடுத்தது குடி பயம். 'ஊசி போட்டா சரக்கு அடிக்கக்கூடாது, கறி சாப்பிடக்கூடாது' என்று ஊர் முழுக்க பேச்சு. மெகா முகாம் நடந்ததோ ஞாயிற்றுக்கிழமை. கறி எடுக்கும் நாள், குவார்ட்டர் போடும் நாள். அதனால் பலர் முகாம் பக்கமே வரவில்லை.

இது சுகாதாரத்துறை மந்திரி மா.சுப்பிரமணியன் காது வரை போனது. 6-வது மெகா முகாமை 2021-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மது குடிப்பவர்களும், அசைவம் சாப்பிடுபவர்களும் ஞாயிறு அன்று ஊசிக்கு தயங்குவதுதான் காரணம் என்று மந்திரியே சொன்னார். இந்தியாவிலேயே கறிக்கும் குவார்ட்டருக்கும் பயந்து முகாம் தேதி மாறியது நம்ம ஊராகத்தான் இருக்கும்!

ஊசிக்கு பிறகு கறி சாப்பிடக்கூடாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சரக்கு விஷயம் வேறு. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது ஈரலுக்கு ஆகாது. ஆனால் நம்ம ஆட்கள் சரக்கை விட்டு விட்டு ஊசி போடுவதற்கு பதில், ஊசியை விட்டு விட்டு சரக்கை போட்டார்கள்.

லோடுமேனுக்கு என்ன நடந்தது?

2022-ம் ஆண்டு ஜனவரி. ஒமைக்ரான் அலை. வீட்டில் முதலில் மனைவிக்கு காய்ச்சல். இரண்டு டோஸ் போட்டு இருந்த அவர் மூன்றாம் நாள் எழுந்து சோறு வடித்தார். அடுத்து இவருக்கு காய்ச்சல். டெஸ்டில் பாசிட்டிவ்.

ஆஸ்பத்திரிக்கு போக பயம். மெடிக்கல் ஷாப்பில் 650 பாராசிட்டமால் வாங்கி வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்கு. காய்ச்சல் இறங்கவில்லை என்று சளி மாத்திரை தனியாக மூன்று. அந்த சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்தது அவருக்கு தெரியாது.

"உடம்பு வலி தாங்கல சார். ராத்திரி ஒரு கட்டிங் போட்டாதான் தூக்கம்" என்கிறார். காலையில் எதிர்ப்பு சக்திக்கு என்று யாரோ கொடுத்த கொடியை வேக வைத்து ஒரு டம்ளர்.

எட்டாம் நாள் கண் மஞ்சள். உடனே ஆஸ்பத்திரிக்கு போனாரா? இல்லை. பச்சிலை கொடுக்கும் இடத்துக்கு போய் இரண்டு நாள் பத்தியம் இருந்தார். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. அப்புறம்தான் ஆட்டோ, அரசு ஆஸ்பத்திரி.

16 நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். கொரோனாவா, மாத்திரையா, சரக்கா, கொடியா, எது ஈரலை அடித்தது என்று பிரித்து சொல்ல முடியாது, எல்லாமே ஒரே நேரத்தில் சேர்ந்து விட்டது என்று டாக்டர்கள் சொல்லி விட்டார்கள். அவர் உடம்பில் போகாத ஒன்றே ஒன்று தடுப்பூசி!

மாத்திரை கணக்கு தெரியுமா?

பாராசிட்டமால் நல்ல மாத்திரை. அளவோடு போட்டால் ஈரல் நோயாளிக்கும் அதுதான் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து. அளவு மீறினால் அதுவே ஈரலுக்கு விஷம்.

ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 ஆயிரம் மில்லி கிராம் வரை போகலாம். 650 மாத்திரை என்றால் ஆறு. தினமும் குடிப்பவர்கள், சிரோசிஸ் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு 2 ஆயிரத்தை தாண்டக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதாவது 650-ல் மூன்று மாத்திரை. அத்தோடு நிறுத்த வேண்டும்.

சளி, தலைவலி, உடம்பு வலி என்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்து இருக்கும். வாங்கும்போதே "இதுல பாராசிட்டமால் இருக்கா?" என்று கேளுங்கள். ஒரு கேள்விதான், ஈரலை காப்பாற்றும்.

வயிற்றில் நீர் உள்ளவர்கள், சிரோசிஸ் உள்ளவர்கள் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரை பக்கம் போகவே கூடாது. சிறுநீரகம் கெடும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம்.

சீந்தில் கொடி சர்ச்சை

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கஷாயம் கொதித்தது. அதில் சீந்தில் கொடியும் ஒன்று. வடநாட்டில் கிலோய் என்பார்கள்.

மும்பையில் 2020-ம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதித்தது என்று டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். அடுத்து நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் இருந்து 43 பேரின் விவரத்தை சேர்த்து 2022-ல் வெளியிட்டார்கள். சீந்தில் எதிர்ப்பு சக்தியை கிளப்பி விடும்போது, சிலருக்கு அது சொந்த ஈரலையே தாக்கும் அளவுக்கு போகிறது என்பது அவர்கள் வாதம்.

மத்திய ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதே மாதிரி இருக்கும் வேறு கொடியை மாற்றி சாப்பிட்டு இருக்கலாம் என்று பதில் சொன்னது.

இந்த சர்ச்சையில் யார் பக்கம் நின்றாலும் ஒரு விஷயம் பொதுவானது. கொடி எது என்று தெரியாமல், அளவு தெரியாமல், மாதக்கணக்கில் குடிப்பது ஆபத்து. ஏற்கனவே ஈரல் நோய் இருந்தால் இரட்டை ஆபத்து. எந்த கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று மறைத்தால் அவரும் இருட்டில்தான் தேட வேண்டும்.

கொரோனா வந்து போனவர்கள் ஊசி போட்டது சரியா?

சரிதான். கொரோனா வந்து குணமானவர்கள் 3 மாதம் கழித்து ஊசி போடலாம் என்று 2021-ம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. ஒரு முறை வந்து போனால் உடம்பில் எதிர்ப்பு சக்தி வரும். ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறும், நாளாக நாளாக குறையும். அதனால்தான் வந்து போனவர்களுக்கும் ஊசி போடச்சொன்னார்கள்.

ஈரல் நோயாளிக்கு ஊசி போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிரோசிசில் பிளேட்லெட் குறையும், ரத்தம் சீக்கிரம் உறையாது. அதனால் எந்த ஊசி போட்டாலும் நர்சிடம் முன்பே சொல்லி விட வேண்டும். போட்ட இடத்தை தேய்க்காமல், பஞ்சு வைத்து சில நிமிடம் அழுத்தி பிடிக்க வேண்டும்.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

கொரோனா அவசர நிலை முடிந்து விட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு மே 5-ந்தேதி அறிவித்தது. அன்று போல தெருவுக்கு தெரு முகாம் இப்போது இல்லை. ஆனால் வைரஸ் போய் விடவில்லை. 2025-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கூட கேஸ்கள் கூடி இறங்கின. சிரோசிஸ் உள்ளவர்கள், ஈரல் மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் மறுபடி டோஸ் தேவையா என்று தங்கள் டாக்டரிடம் கேட்பது நல்லது. அப்படியே ப்ளூ காய்ச்சல், நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

ஈரலை நேரடியாக காப்பாற்றும் ஊசி ஒன்று பல வருடமாக நம்மிடம் இருக்கிறது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் இலவசமாக போடுகிறார்கள். இந்த கிருமி பல வருடம் ஈரலில் ஒளிந்து இருந்து சிரோசிஸ், புற்றுநோய் வரை கொண்டு போகும். சிறு வயதில் போடாத பெரியவர்களும் டெஸ்ட் எடுத்து விட்டு போட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் காமாலை பி, சி இருக்கிறதா என்று பார்க்கவும், இருந்தால் சிகிச்சை தரவும் 2018-ம் ஆண்டு ஜூலை 28-ந்தேதி மத்திய அரசு தனி திட்டம் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளில் காசு கட்ட வேண்டியது இல்லை.

இந்த அறிகுறி இருந்தால் நிற்காமல் ஓடுங்கள்

கண் மஞ்சளாவது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது. வயிறு உப்புவது, கால் வீங்குவது. ரத்த வாந்தி. மலம் தார் மாதிரி கருப்பாக போவது. பகலில் தூங்கி ராத்திரி விழிப்பது, பேச்சு தடுமாறுவது. இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. பச்சிலைக்கும் பத்தியத்துக்கும் அங்கே நேரம் இல்லை.

மறுபடி மார்க்கெட்டில்...

நம்ம லோடுமேன் குணமாகி 3 மாதம் கழித்து, 2022-ம் ஆண்டு ஏப்ரலில் தானே போய் முதல் டோஸ் போட்டார். ஜூலையில் இரண்டாவது. ஒவ்வொரு டோசுக்கு பிறகும் ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். ஈரல் கணக்கு ஏறவில்லை. குடியை நிறுத்தியதால் மெதுவாக இறங்கத்தான் செய்தது.

இப்போது மூட்டை தூக்கும் தெம்பு இல்லை. மார்க்கெட் வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் போடுகிறார். பாதி கூலிதான். மகள் படிப்பை மனைவியின் வருமானம் பார்த்துக்கொள்கிறது.

"ஊசிக்கு பயந்தேன் சார். பாட்டிலுக்கு பயப்படல. அம்புட்டுதான் நான் செஞ்ச தப்பு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வண்டிக்கு டோக்கன் கிழித்தார்.

மார்க்கெட்டில் யாராவது கண்ணை கசக்கிக்கொண்டு வந்தால், முதலில் இமையை இழுத்து மஞ்சளா என்று பார்ப்பது இப்போது அவர்தானாம்.